தரவு, நிறுவ வேண்டியது, நிறுவல்

எங்கள் வீட்டில் கணக்குப் பாடத்துக்கு மட்டும் இரண்டரைப் பாஷை ஓடும். பிள்ளைகள் ஜேர்மன் மொழியில் கேள்வியை வாசிப்பார்கள், நான் தமிழில் யோசிப்பேன், விடை சொல்லும்போது இரண்டும் கலந்து ஏதோ ஒன்று வரும். மனைவி குசினிக்குள் இருந்து "என்ன சண்டை அங்க?" என்று கேட்பா. சண்டை இல்லையப்பா, கேத்திரகணிதம்.

வெளிநாட்டில் பிள்ளைக்கு வேறு எதைச் சொல்லிக் கொடுக்காவிட்டாலும் கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாம், கணக்கு எங்கேயும் கணக்குத்தானே என்று எங்கட ஆட்கள் சொல்லுவார்கள். அவ்வளவு சுகமில்லை. இங்கே தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளி வைப்பார்கள். புள்ளி வைத்தால் அது பெருக்கல். அதே புள்ளி பெரிய எண்ணுக்குள் வந்தால் ஆயிரத்தைப் பிரிக்கிறது என்று அர்த்தம். வகுத்தலுக்கு எங்கட அடையாளம் கிடையாது, விகிதத்துக்கு நாங்கள் போடுகிற இரட்டைப் புள்ளிதான். இருபத்தியொன்றை "ஒன்றும் இருபதும்" என்று பின்னால் இருந்து சொல்லுவார்கள். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இழுக்காவிட்டால் அதை ஒன்று என்று வாசித்துவிடுவார்கள். புள்ளி முறை அதைவிடப் பகிடி. 1 என்றால் திறம், 6 என்றால் பெயில். மகனுக்குக் கணக்கில் 1 என்று ஊருக்கு ரெலிபோனில் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவாயில்லை, அவன் சின்னப்பிள்ளை தானே, அடிச்சுப் போடாத" என்றா.

மகன் எட்டாம் வகுப்பு. மகள் பதினோராம் வகுப்பு. அவனுக்குக் கேத்திரகணிதமும் நிகழ்தகவும், அவளுக்குப் புள்ளிவிபரவியல். நான் ஊரில் உயர்தரம் கணிதப் பிரிவில் முதலாம் வருடத்தோடு நின்றவன். நின்றவன் என்றால், நிற்க வேண்டி வந்தவன். ஆனால் அந்த முதலாம் வருடம் வரைக்கும் படித்தது இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குக் காரணம் பள்ளிக்கூடம் அல்ல, என்ரை சித்தப்பா.

போன மாசம் மகன் ஒரு படத்தைக் கொண்டு வந்தான். ஒரு வட்டம், அதற்குள் விட்டம், பரிதியில் ஒரு புள்ளி. விட்டத்தின் இரண்டு முனைகளையும் அந்தப் புள்ளியோடு இணைத்தால் வருகிற கோணம் 90 பாகை என்று நிறுவ வேண்டும். "அப்பா, இது தாலஸின்ரை தேற்றம்" என்றான். நான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அரைவட்டத்தில் உள்ள கோணம் செங்கோணம்! எங்கட புத்தகத்தில் அதற்கு ஆளின்ரை பெயர் இல்லை. பைதகரஸுக்கு மட்டும்தான் பெயர் இருந்தது. தாலஸின் ஊரான மிலேத்தோஸ் இப்போது துருக்கியில் இருக்கிறது என்று மகன்தான் சொன்னான். அவனுடைய வகுப்பில் பாதிப்பேர் துருக்கிப் பிள்ளைகள். அவர்கள் தாலஸ் தங்கட ஆள் என்கிறார்களாம்.

எனக்கு ஆச்சரியம் தந்தது தேற்றம் இல்லை, அதை எழுதுகிற முறை. கொப்பியில் மூன்று தலைப்பு போட்டிருந்தான். ஃபோரவுஸ்செட்சுங். பெஹவுப்டுங். பெவைஸ். இதென்ன என்று கேட்டால், முதலில் தெரிந்தது, பிறகு நாங்கள் சொல்ல வருவது, கடைசியில் அதை நிறுவுவது என்றான். தரவு, நிறுவ வேண்டியது, நிறுவல்! நாற்பது வருசத்துக்கு முந்தின என்னுடைய கொப்பி. எங்கட முறையில் இடையில் "அமைப்பு" என்று இன்னொரு தலைப்பும் வரும், படத்தில் நாங்களாக ஒரு கோட்டைக் கீறினால் அதை அங்கே சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கு அது முக்கியம். "கேள்வியில இல்லாத கோட்டை நீ கீறினா, கீறினனான் எண்டு ஒத்துக்கொண்டு எழுது" என்பார்.

இந்தக் கணக்கில் அந்தக் கோடு என்னவென்றால், மையத்தையும் பரிதியில் உள்ள புள்ளியையும் இணைக்கிற ஆரை. அதைக் கீறினவுடன் பெரிய முக்கோணி இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் இருசமபக்க முக்கோணிகள், ஏனென்றால் எல்லாம் ஆரைகள். ஒன்றின் அடிக்கோணங்கள் இரண்டும் அல்பா, மற்றதன் அடிக்கோணங்கள் இரண்டும் பீற்றா. பெரிய முக்கோணியின் கோணங்களைக் கூட்டினால் இரண்டு அல்பாவும் இரண்டு பீற்றாவும், அது 180. அல்பாவும் பீற்றாவும் சேர்ந்தால் 90. முடிந்தது. மகன் அந்த ஒரு கோட்டைக் கண்டுபிடிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தான். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சந்தோசம் அவனுக்குக் கிடைத்திராது.

(அகதி விசாரணைக்குப் போன காலத்திலும் இதே மூன்று தலைப்புத்தான். தரவு எங்களிடம் இருந்தது. நிறுவ வேண்டியதும் தெரியும். நிறுவல்தான் கையில் இல்லை. யார் ஷெல்லடிக்குப் பிறகு கடிதம் வாங்கி வைத்திருந்தார்கள்? அதைப் பிறகொரு நாள் எழுதுகிறேன்.)

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர், பின்னேரத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் ரியூசன். வெண்கட்டிக்குத் தட்டுப்பாடு வந்தபோது முற்றத்து மண்ணில் கயிறும் தடியும் வைத்து வட்டம் கீறிப் படிப்பித்தவர். அதே கயிற்றால்தான் 1990 ஆம் ஆண்டு எங்கட வீட்டுப் பங்கருக்கும் அளவெடுத்தவர்.

பங்கர் வெட்டியவர்களுக்கு இது தெரியும், தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நேராக ஒரு கிடங்கு வெட்டினால் காணாது. வாசலுக்கு முன்னால் குண்டு விழுந்தால் சிதறு துண்டுகள் நேர்கோட்டில் உள்ளே வரும். ஆகவே ஒரு முடக்கு வைக்க வேண்டும். முடக்கு இருந்தால் வாசலால் வருகிற துண்டு மண் சுவரில் போய்க் குத்தி நிற்கும், ஆட்கள் மற்றப் பக்கத்தில் இருப்பார்கள். "ட" எழுத்து மாதிரி என்று சொல்லலாம். அந்த முடக்கு சரியான செங்கோணமாக இருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் துண்டு உள்ளே வராது. ஆனால் சித்தப்பா விடவில்லை. கயிற்றில் பன்னிரண்டு சம இடைவெளிக்கு முடிச்சுப் போட்டு, மூன்று, நாலு, ஐந்து என்று மூன்று பேரைப் பிடித்து இழுக்கச் சொன்னார். மூன்றின் வர்க்கம் 9, நாலின் வர்க்கம் 16, கூட்டினால் 25, அது ஐந்தின் வர்க்கம். ஐந்து இடைவெளிப் பக்கம் செம்பக்கம். அதற்கு எதிரே இருக்கிற மூலை செங்கோணம். மேலே அடுக்கப் போகிற பனங்குற்றிகள் எல்லாம் ஒரே நீளத்தில் தறித்தாயிற்று, மூலை பிசகினால் ஒரு பக்கம் குற்றி எட்டாது, மண்மூட்டை இறங்கிவிடும், அதுதான் காரணம். அப்பா "வேளைக்கு வெட்டடா, சகடை வரப்போகுது" என்று கத்திக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. சகடை என்பது பீப்பாய்க் குண்டு போட வருகிற விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர்.

மகனுக்குப் பைதகரஸ் அடுத்த வருசம்தான் வரும். ஆனாலும் சொன்னேன். நூல் எடுத்து முடிச்சுப் போட்டுச் சாப்பாட்டு மேசையின் மூலையில் வைத்துப் பார்த்தான். மேசை சரியாக இருந்தது.

நிகழ்தகவுக்கு வருவம். இங்கே அதற்கு மரம் கீறுகிறார்கள். ஒரு பையில் ஐந்து சிவப்புப் பந்து, மூன்று வெள்ளைப் பந்து. ஒன்றை எடுத்துத் திருப்பிப் போடாமல் இன்னொன்றை எடுக்க வேண்டும். முதல் கிளையில் சிவப்புக்கு 5/8, வெள்ளைக்கு 3/8. சிவப்பு வந்துவிட்டால் மிச்சம் ஏழு பந்து, அதில் நாலுதான் சிவப்பு, ஆகவே அடுத்த கிளையில் 4/7. கிளை வழியே போகும்போது பெருக்க வேண்டும், கிளைகளை ஒன்றுசேர்க்கும்போது கூட்ட வேண்டும். இரண்டும் சிவப்பு 5/14. இரண்டும் வெள்ளை 3/28. ஒன்று சிவப்பு ஒன்று வெள்ளை 15/28. எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்று வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வந்தது. மகன் கொப்பியை மூடப் போனான்.

அப்போது மகள் பக்கத்தில் இருந்து, "அப்பா, உங்களுக்கு இதெல்லாம் எங்கயாவது தேவைப்பட்டதா?" என்று கேட்டாள். வழமையாகப் பிள்ளைகள் கேட்கிற கேள்விதான். இல்லை என்று சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம்.

பங்கர் வெட்டுகிற நேரம் வீட்டில் ஒரு வாக்குவாதம் வந்தது. நாங்கள் பத்துப் பேர். சித்தப்பா ஒரு பெரிய பங்கருக்குப் பதிலாக வளவின் இரண்டு கரையில் இரண்டு சின்னப் பங்கர் வெட்டி ஐந்து ஐந்து பேராய் இருக்கலாம் என்றார். அப்பாச்சி மாட்டேன் என்றா. "இருந்தா எல்லாரும் இருப்பம், போனா எல்லாரும் ஒண்டாப் போவம்." சித்தப்பா மண்ணில் தடியால் கீறிக் காட்டினார். இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் கீறினது இந்த மரம்தான்.

மகளுக்கும் மகனுக்கும் அதைத் தாளில் கீறினேன். ஒரு பங்கரில் குண்டு விழுகிற நிகழ்தகவு பத்தில் ஒன்று என்று வைப்போம். உண்மையில் எவ்வளவு என்று ஒருத்தருக்கும் தெரியாது, கணக்குக்கு ஒரு எண் வேண்டும். ஒரே பங்கர் என்றால், பத்துப் பேரும் போவதற்கு பத்தில் ஒன்று. ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்காமல் இருக்க பத்தில் ஒன்பது. இடையில் ஒன்றும் இல்லை. இரண்டு பங்கர் என்றால், இரண்டிலும் விழுந்து எல்லாரும் போவதற்கு நூறில் ஒன்று. அது பத்து மடங்கு குறைவு. ஆனால் இரண்டிலும் விழாமல் இருக்க 81/100. அப்படியென்றால் யாரையாவது இழக்கிற நிகழ்தகவு 19/100. முன்பு அது 10/100. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மகன் மூன்றாவது ஒன்றைப் போட்டுப் பார்த்தான், சராசரியாக எத்தனை பேர் போவார்கள் என்று. ஒரு பங்கரில் பத்துப் பேர், பத்தில் ஒன்று, ஆகவே ஒன்று. இரண்டு பங்கரில் ஐந்து பேருக்கு அரை, மற்ற ஐந்து பேருக்கு அரை, ஆகவே ஒன்று. இரண்டும் ஒன்றுதான். "அப்ப எது சரி?" என்றான்.

இதைத்தான் அப்பாவும் சித்தப்பாவிடம் கேட்டவர். குடும்பம் அடியோடு அழியக்கூடாது என்றால் இரண்டு. ஒருத்தரைப் புதைத்துவிட்டு மற்றவர்கள் இருக்கக்கூடாது என்றால் ஒன்று. அப்பாச்சி தடியும் கணக்கும் இல்லாமல் இரண்டாவதைத்தான் சொன்னா. எங்கள் ஆட்களிடம் கணக்கறிவு இல்லை, உணர்ச்சிதான் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அப்பாச்சி எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பா, ஆனால் அவ சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. அவ வேறு ஒன்றைக் குறைக்க நினைத்தா, அவ்வளவுதான்.

மகள் இன்னொன்றைப் பிடித்தாள். "இரண்டு பங்கரும் ஒரே வளவில எண்டா அது சாரா நிகழ்ச்சி இல்லையே? ஒரு பிளேன் வந்தா வரிசையாத்தானே போடும்?" உண்மை. சித்தப்பாவும் அதைச் சொல்லித்தான் இரண்டு கரையிலும் தள்ளித் தள்ளி வெட்ட வேண்டும் என்றார். எங்கட வளவு அவ்வளவு பெரிதில்லை. ஒரு பங்கர்தான் வெட்டினோம். அதற்கு ஒன்றும் நடக்கவில்லை. நாலு வீடு தள்ளி ஒரு பங்கருக்கு நடந்தது. அன்றைக்குப் பிறகு அந்த ஒழுங்கையில், விழுந்த இடத்தில் திரும்ப விழாது என்று ஒரு கதை பரவிச் சனம் அங்கே போய்ப் படுக்கத் தொடங்கியது. சித்தப்பா ஒவ்வொரு வீடாகப் போய், "குண்டுக்கு ஞாபகசக்தி இல்லை" என்று சொல்லித் திரிந்தார். பந்தைத் திருப்பிப் பைக்குள் போட்டுவிட்டு எடுப்பது மாதிரி என்று இப்போது மகனுக்குச் சொன்னேன். அவன் தலையாட்டினான். அன்றைக்கு அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மகளின் கணக்கு வேறு திசையில் கொண்டுபோய் விட்டது. அவளுக்கு இடை, இடையம், ஆகாரம் எல்லாம் முன்பே முடிந்து இப்போது நியம விலகல். ஒரு மாணவி கணிதத்தில் 75, ஆங்கிலத்தில் 78. கணிதத்தில் வகுப்பின் இடை 60, நியம விலகல் 10. ஆங்கிலத்தில் இடை 70, நியம விலகல் 5. எதில் திறமாகச் செய்திருக்கிறாள்? புள்ளியில் இருந்து இடையைக் கழித்து நியம விலகலால் வகுக்க வேண்டும். கணிதத்தில் 1.5, ஆங்கிலத்தில் 1.6. ஆங்கிலத்தில் மயிரிழை கூட.

நான் சொன்னேன், "பிள்ளை, இதுக்குத் தமிழில என்ன பேர் தெரியுமோ? தரப்படுத்தல்." அந்தச் சொல்லை அவள் கேட்டிருக்கிறாள். மாவீரர் நாள் பேச்சுகளில், தமிழ்ப் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில். அது ஒரு கணக்கு என்று அவளுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எங்கட ஆட்களில் பலருக்கும் தெரியாது.

எண்களை நானாகப் போட்டுக் காட்டினேன். ஒரே பரீட்சை. ஒரே கேள்வித்தாள், ஒன்று சிங்களத்தில், ஒன்று தமிழில். தமிழ்மொழியில் எழுதினவர்களின் இடை 50, நியம விலகல் 12. சிங்களத்தில் எழுதினவர்களின் இடை 42, நியம விலகல் 10. தமிழ் மாணவன் 68 எடுத்தால் 18ஐ 12ஆல் வகுக்க 1.5. சிங்கள மாணவன் 57 எடுத்தால் 15ஐ 10ஆல் வகுக்க அதே 1.5. ஆகவே 68உம் 57உம் சமம். 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தல் என்று கொண்டுவந்தது சாராம்சத்தில் இதுதான்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா முதல் கணக்கில ரெண்டும் வேற வேற பாடம். வேற வேற சோதினை. அதால சமப்படுத்திறது சரி. இது ஒரே சோதினை தானே?"

அவ்வளவுதான் விசயம். கேள்வித்தாள் வேறு என்றால், ஒன்று கடினம் ஒன்று சுகம் என்றால், சமப்படுத்தத்தான் வேண்டும். கேள்வித்தாள் ஒன்று என்றால், இரண்டு கூட்டத்தையும் பிரித்து வைத்துச் சமப்படுத்துவதற்கு முதல் ஒன்றைத் தரவாக எடுத்துக்கொள்ள வேண்டும்: இரண்டு கூட்டத்தின் திறமையும் ஒன்று, வித்தியாசம் முழுக்கத் திருத்தினவர்களால் வந்தது என்று. தமிழ்ப் பரீட்சகர்கள் புள்ளியை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்ற கதை அப்படித்தான் தரவாகியது. நிறுவலே இல்லாமல்.

இலங்கையில் இப்போது இசட் புள்ளி என்று 2000களின் தொடக்கத்தில் இருந்து நடப்பதும் அதே சமன்பாடுதான், ஆனால் அங்கே பாடத்துக்குப் பாடம்தான் சமப்படுத்துகிறார்கள், மொழிக்கு மொழி அல்ல. 2011 ஆம் ஆண்டு பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டு வேறு கேள்வித்தாள் எழுதினவர்களை ஒரே கூட்டமாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, 2012 இல் உச்ச நீதிமன்றம் அது பிழை, பிரித்துப் பார் என்று சொன்னது. பிரிக்கக் கூடாத இடத்தில் ஒருமுறை பிரித்தார்கள், பிரிக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை சேர்த்தார்கள்.

இன்னொன்றையும் மகளுக்குச் சொன்னேன், யாழ்ப்பாணத்தார் சிலருக்கு இது பிடிக்காது. மொழிவாரித் தரப்படுத்தல் ஒன்று, 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு இன்னொன்று. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். 1969 இல் பொறியியலுக்குப் போனவர்களில் ஏறத்தாழ அரைவாசி தமிழர், 1974 இல் ஆறில் ஒரு பங்கு, அந்த அடி பெரிய அடி, அதில் மறுபேச்சில்லை. ஆனால் எங்களோடு இங்கே வேலை செய்கிற வவுனியாப் பெடியன் ஒருவன் சொல்லுவான், "அண்ணை, மாவட்டம் பாத்து எடுக்காட்டி எங்கட பக்கத்தால ஒருத்தரும் கம்பஸ் வாசலை மிதிச்சிருக்க மாட்டினம்" என்று. ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் 60உம் யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளையின் 60உம் ஒன்றா என்ற கேள்வி நியாயமான கேள்வி. அதே கேள்வியை ஒரு சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் கேட்கலாம். மொழியை வைத்துக் கேட்டதுதான் பிழை.

சித்தப்பா உயர்தரம் எழுதினது 1970 இல். நாலு பாடம், மொத்தம் 400 புள்ளி. அவருக்கு 238. அந்த முறை பொறியியலுக்குத் தமிழ்மொழியில் எழுதினவர்களுக்கு வெட்டுப்புள்ளி 250, சிங்களமொழியில் எழுதினவர்களுக்கு 227. அவருக்குப் பௌதிக விஞ்ஞானம்தான் கிடைத்தது. படித்தார், பட்டம் எடுத்தார், வாத்தியாரானார். அவர் வாழ்க்கை கெட்டுப்போனது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பொறியியலாளராய்ப் போயிருந்தால் எனக்குக் கேத்திரகணிதம் யார் சொல்லித் தந்திருப்பார்கள் என்றும் நினைப்பதுண்டு. அவருக்கு முன்னால் அதைச் சொல்லத் துணிவில்லை.

அவர் இப்போதும் ஊரில்தான், எழுபத்தைந்து வயதை எட்டப் போகிறார். பிள்ளைகள் சித்தப்பாத் தாத்தா என்று கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வாட்சப்பில் எடுத்தபோது மகள் தான் போட்ட தரப்படுத்தல் கணக்கைக் கமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். தசமத்தில் காற்புள்ளியைக் கண்டு "இதென்ன, புள்ளிக்கு வால் முளைச்சிருக்கு" என்றார். பிறகு, "கணக்குச் சரி, மோனை. ஆனா எனக்கு நடந்தது இது இல்லை. இது பிறகு வந்தது. எங்கட முறை நியம விலகலும் இல்லை, ஒண்டும் இல்லை. அது வெறும் கழித்தல். இருபத்திமூண்டு."

மகள் என்ன சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அவர் அதற்குள் மகனைக் கூப்பிட்டுவிட்டார். அரைவட்டக் கோணத்தை நிறுவிவிட்டானாம் என்று கேள்விப்பட்டேன், சரி, அந்தப் புள்ளி பரிதியில் இல்லாமல் வட்டத்துக்கு உள்ளே இருந்தால் கோணம் 90ஐ விடப் பெரிதா சின்னதா, வெளியே இருந்தால் என்ன, இரண்டையும் நிறுவி அனுப்பு, கீறுகிற கோட்டை அமைப்பில் எழுத மறக்காதே என்றார். மகன் உள்ளே இருக்கிற புள்ளிக்கு முடித்துவிட்டான். வெளியே இருக்கிற புள்ளிதான் இன்னும் வரவில்லை.